களிமண் சுங்கான்: எழுத்துக்கு முன் வடிவத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். பழம்பொருள் சந்தை ஒன்றில் ஒரு டப்பா நிறைய வெள்ளைக் களிமண் சுங்கான் (புகைபிடிக்கும் பைப்) துண்டுகள் வாங்கினேன். பெரும்பாலும் உடைந்த தண்டுகள். புகையிலை வைக்கும் கிண்ணங்களும் சில இருக்கின்றன. எல்லாம் தேம்ஸ் கரையில் கிடைத்தவை என்றார் விற்றவர். ஒரு கிண்ணத்தின் அடியில் ஒரு பக்கம் ‘ஆர்’, மறுபக்கம் ‘டி’ என்ற ஆங்கில எழுத்துகள். இணையத்தில் தேடினால் பிரிஸ்டல் நகரத்து ராபர்ட் டிப்பெட் என்று வருகிறது. அவர் செய்ததுதானா? மற்றவற்றின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது? நானே ஆற்றங்கரைக்குப் போய்த் தேடலாமா?

பதில்: அந்த இரண்டு எழுத்துகளையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். சுங்கான் சேகரிக்கத் தொடங்கும் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது எழுத்துதான். உடனே தேடுகிறார்கள், முதலில் கிடைத்த பெயரோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஒரே முதலெழுத்துகள் கொண்ட சுங்கான் தொழிலாளிகள் பல ஊர்களில், பல காலங்களில் இருந்திருக்கிறார்கள். கிண்ணத்தின் வடிவம் காலத்தைச் சொல்லும். காலம் பிடிபட்ட பிறகுதான் எழுத்து ஆளைக் காட்டும். வரிசையை மாற்றினால் தப்பான ஆள் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

கிண்ணங்களை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, அளவைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் களிமண் சுங்கான் செய்யத் தொடங்கியபோது புகையிலை விலை உயர்ந்த சரக்கு. அதனால் கிண்ணம் மிகச் சிறியது. சுண்டுவிரல் நுனி நுழைந்தாலே பெரிய விஷயம். நடுவில் வயிறு உப்பி, வாய்ப்பக்கம் ஒடுங்கி, முன்னால் சாய்ந்திருக்கும். இப்படிப்பட்ட குட்டிக் கிண்ணங்கள் வயலில் அகப்பட்டபோது, இவற்றைத் தேவதைகளின் சுங்கான் என்றே பிரிட்டன், அயர்லாந்து கிராமத்து மக்கள் சொல்லி வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து புகையிலை குவியக் குவிய விலை இறங்கியது, கிண்ணமும் பெருத்தது.

அடுத்து விளிம்பு. தண்டு படுக்கைவாட்டில் இருக்கும்படி கிண்ணத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். விளிம்பு தண்டுக்கு இணையாகப் போகாமல் சாய்ந்திருந்தால், பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு. விளிம்பை ஒட்டி நாணய ஓரம் போலச் சின்னச் சின்னக் கோடுகள் வளைந்து போகிறதா பாருங்கள். பல் வைத்த கருவியால் போட்ட அலங்காரம் அது. சிலவற்றில் முழுச் சுற்று இருக்கும், சிலவற்றில் பாதியோடு நின்றுவிடும். எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலைப்பாட்டின் தரத்தை எடைபோட உதவும். 1700 வாக்கில் எல்லாம் மாறிவிட்டது. விளிம்பு தண்டுக்கு இணையானது, கிண்ணம் நிமிர்ந்தது, சுவர் மெலிந்தது, விளிம்புக் கோடுகள் காணாமல் போயின. 18ஆம் நூற்றாண்டில் அரச முத்திரை, கேடயம் போன்ற புடைப்பு அலங்காரங்கள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் வார்ப்புத் தையல் (அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விழும் கோடு) மேல் இலைகள், கப்பல்கள், மனிதத் தலைகள் என்று ஒரே கொண்டாட்டம்தான்.

இவற்றை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் உங்கள் கண் தானாகக் கூர்மையாகும். டெவன், டோர்செட் பகுதியில் கிடைத்த, சுட்டால் வெளுக்கும் களிமண்ணை ஒருவர் உருட்டி, ஒரு முனையில் குண்டும் மறுமுனையில் வாலுமாக ஆக்குவார். கொஞ்சம் காய்ந்ததும் வால் வழியே நீளமான கம்பியைச் செருகுவார்கள். கம்பியோடு அப்படியே இரண்டு பாதி கொண்ட உலோக அச்சுக்குள் வைத்து இறுக்கி, மேலிருந்து ஓர் ஆப்பை அமுக்கினால் கிண்ணத்தின் குழி விழும். பிறகு தையலைக் கத்தியால் சீவி, முத்திரை குத்தி, சூளையில் சுடுவார்கள். தையல் சீவிய தடத்தைக் கிண்ணத்தின் முன்புறத்திலும் பின்புறத்திலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சில துண்டுகளில் கத்தி தடுமாறிய இடம்கூட அப்படியே இருக்கும். புதிதாகச் செய்து தேயிலைத் தண்ணீரில் பழுப்பாக்கி விற்கிற போலிகளில் பல, கூழ்க் களிமண்ணை அச்சில் ஊற்றி எடுத்தவை. அவற்றில் கம்பி போன நேரான துளையும் இருக்காது, இந்தச் சீவல் தடமும் இருக்காது.

இப்போது தண்டுகளுக்கு வருவோம். நிறையப் பேர் இவற்றைக் குப்பை என்று தள்ளிவிடுவார்கள். செய்யாதீர்கள். காலம் போகப் போகத் தண்டு நீண்டது, அதற்கேற்பக் கம்பியும் மெலிந்தது, துளையும் சுருங்கியது. வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் அகழாய்வில் வேலை செய்த ஜே. சி. ஹாரிங்டன் இதைக் கவனித்து 1954இல் ஒரு கால அட்டவணை போட்டார். கருவி ஒன்றும் பெரிதில்லை, அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்ற கணக்கில் வரும் டிரில் பிட்டுகள்தான். எந்தப் பிட்டின் மழுங்கிய பின்முனை துளையில் கச்சிதமாக உட்காருகிறதோ அதுதான் அளவு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 64இல் 9, 8 என்று இருந்தது, 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் 4 வரை இறங்கியது. 1962இல் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட் இதை ஒரு சூத்திரமாக்கினார்: எல்லாத் தண்டுகளின் சராசரியை 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழிக்க வேண்டும். சராசரி 6 என்றால் விடை 1702.

ஆனால் இந்தக் கணக்கு ஒரே இடத்தில், ஒரே காலத்தில் குவிந்த ஏராளமான துண்டுகளுக்குத்தான் பொருந்தும். ஒற்றைத் தண்டை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. 1780க்குப் பிறகு கணக்கே குலைந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் 300 ஆண்டுச் சரக்கு கலந்து கிடக்கும் என்பதால் உங்கள் டப்பாவின் சராசரிக்கு அர்த்தம் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு தண்டையும் அளந்து எழுதி வையுங்கள். அகலத் துளை கொண்டவற்றைத் தனியே பிரிக்கவாவது உதவும். அளக்கும்போது முனைகளையும் பாருங்கள். உடைந்த முனையை யாரோ உரசி மழமழப்பாக்கியிருக்கலாம், பல்லால் கடித்துக் கடித்துப் பள்ளம் விழுந்திருக்கலாம். உடைந்த பிறகும் தூக்கிப் போடாமல் அதே சுங்கானில் புகைத்த ஒருவரின் தடம் அது. ஒரு தரம் புகைத்துவிட்டு எறிந்தார்கள் என்ற கதையை நம்பாதிருக்க இதுவே போதும். அப்புறம், அழுக்கேறிய சுங்கான்களை நெருப்பில் வைத்துச் சுட்டுச் சுத்தமாக்குவதற்கென்றே இரும்புக் கூடைகள் இருந்தன. மதுக்கடையில் ஒரே சுங்கானை மாற்றி மாற்றிப் புகைத்தார்கள், ஒவ்வொருவரும் நுனியை ஒடித்துக்கொண்டார்கள் என்ற கதைக்கும் ஆதாரம் இல்லை. மெல்லிய மண் தண்டு, கை தவறினால் உடையும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் ‘ஆர் டி’. கிண்ணத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குதியின் இரண்டு பக்கத்திலும் அச்சிலேயே எழுத்து வைக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் பெருகியது. அதற்கு முன்பு குதியின் அடிப்பரப்பில் முத்திரை குத்துவார்கள். புகைப்பவர் வாயில் வைத்திருக்கும் நிலையில் இடப்பக்கம் முதற்பெயர், வலப்பக்கம் குடும்பப்பெயர். அந்த நிலையில் பிடித்துப் பாருங்கள். ஆர் இடப்பக்கம் வந்தால் நீங்கள் படித்தது சரி. டி இடப்பக்கம் வந்தால் தேட வேண்டிய ஆளே வேறு.

டிப்பெட் விஷயத்துக்கு வருகிறேன். பிரிஸ்டலில் ராபர்ட் டிப்பெட் என்ற பெயரில் ஒருவர் அல்ல, அடுத்தடுத்து மூன்று தலைமுறை இருந்தது. அமெரிக்கக் கரையோரக் குடியேற்றங்களுக்கு நிறைய ஏற்றுமதி செய்த குடும்பம். அவர்களுடைய பெயர் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டத்துக்குள் புடைப்பாக வரும். முதலெழுத்துகள் கிண்ணத்தின் பின்புறத்தில் இருக்கும். உங்களுடையதில் எழுத்து குதியின் பக்கங்களில் இருப்பதாலும், தேம்ஸ் கரையில் கிடைத்தது என்பதாலும் நான் முதலில் லண்டன் தொழிலாளிகளிடையே தேடுவேன்.

எங்கே தேடுவது? சுங்கான் ஆய்வாளர் ஏட்ரியன் ஆஸ்வால்ட் 1975இல் வெளியிட்ட நூலில் ஊர்வாரியாகத் தொழிலாளிகள் பட்டியல் இருக்கிறது. 1969இல் அவர் டேவிட் அட்கின்சனோடு சேர்ந்து லண்டன் கிண்ண வடிவங்களை வகைப்படுத்தியதைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்துப் பேசுகிறார்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் தேசியச் சுங்கான் ஆவணக்காப்பகம் இருக்கிறது. களிமண் சுங்கான் ஆய்வுச் சங்கமும் பல்லாண்டுகளாகத் தகவல் சேர்த்து வருகிறது. பட்டியலில் உங்கள் கிண்ணத்தின் காலத்தோடு பொருந்தும் பெயர் கிடைத்தால், அதன் பிறகு தேவாலயத் திருமண, ஞானஸ்நானப் பதிவுகள், தொழில் பயிற்சி ஒப்பந்தங்கள், உயில்கள் என்று போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஆள் என்றால் வேலை சுலபம். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரும் தொழிலும் இருக்கும், வணிகக் கையேடுகளும் உண்டு. கணவர் இறந்ததும் மனைவி பட்டறையைத் தொடர்ந்து நடத்துவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஆகவே ஆண் பெயரோடு நிறுத்தாதீர்கள். அதே அச்சில் பல ஆண்டுகள் சுங்கான் செய்தவர் அவருடைய விதவையாக இருக்கலாம்.

டப்பாவில் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட வழவழப்பாக, மெருகு தேய்த்தது போல இருந்தால் குதியடியில் பாருங்கள். மிகச் சிறிய கிரீடமும் அதன் கீழ் எண்ணோ எழுத்தோ படமோ இருந்தால், நெதர்லாந்தின் கௌடா நகரத்துச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே 1660 முதல் தொழிலாளர் சங்கம் இருந்தது, முத்திரைகளைச் சொத்து போல வாங்கினார்கள், விற்றார்கள், பிள்ளைகளுக்கு விட்டுப்போனார்கள். ஆகவே ஒரே முத்திரை தலைமுறை தலைமுறையாக ஓடும்; முத்திரையை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. குதியின் பக்கத்தில் கௌடா நகரச் சின்னம் இருந்தால் 1740 வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்தது. சின்னத்தின் மேல் ‘எஸ்’ இருந்தால் சாதாரணத் தரம்.

தண்டில் தொழிற்சாலைப் பெயரும் ஊரும் இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. கிளாஸ்கோவின் மெக்டூகல் பெயர் அடிக்கடி தட்டுப்படும். நாட்டின் பெயரும் சேர்ந்திருந்தால், 1891 முதல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் அதைக் கட்டாயமாக்கியதை நினைவில் வையுங்கள்; பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாக இருக்கும்.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். பிளீச், வினிகர் பக்கமே போகாதீர்கள். கடற்கரையிலோ கழிமுகத்திலோ கிடைத்த துண்டு என்றால், உப்பு வெளியேற நல்ல தண்ணீரில் சில வாரம் ஊறவிட்டு, அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த பிறகு உப்பு பூத்து மேற்பரப்பு உதிரும். கிண்ணத்துக்குள் இருக்கும் கருப்பைச் சுரண்டாதீர்கள். அதில் என்ன புகைத்தார்கள் என்பதை ஆய்வகத்தில் பார்க்க வழி உண்டு, சுரண்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஒட்ட வேண்டுமானால் சூப்பர் குளூ வேண்டாம். அசிட்டோனில் கரையும் பாரலாய்டு பி-72 போன்ற, பிறகு பிரிக்கக்கூடிய பசை நல்லது. ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து ஒரு நோட்டில் விவரம் எழுதுங்கள். பண மதிப்பைப் பொறுத்தவரை சாதாரணக் கிண்ணங்கள் மிக மலிவு. கிடைத்த இடம் எழுதப்பட்ட துண்டுக்கு ஆய்வில் இருக்கிற மதிப்பு, இடம் தெரியாத அழகான துண்டுக்கு இல்லை. அதனால் அந்த வியாபாரியிடம் திரும்பப் போய், எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றின் எந்தக் கரையில் என்று கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்பது நல்லது.

நீங்களே தேடலாமா என்றால், அனுமதி இல்லாமல் கூடாது. தேம்ஸின் ஓதக் கரையில் மண்ணைத் தோண்டாமல் மேலாகக் கிடப்பதைத் தேடி எடுக்கக்கூட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். கூட்டம் தாங்காமல் 2022 நவம்பரில் புதிய அனுமதிகளை நிறுத்தினார்கள். பிறகு காத்திருப்போர் பட்டியல் முறை வந்தது. இப்போதைய நிலையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தவர்களும் 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருட்களைக் கண்டெடுப்புத் தொடர்பு அதிகாரியிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்; லண்டனுக்கான அதிகாரி லண்டன் மியூசியத்தில் இருக்கிறார். இன்னொன்று: பிரிட்டன் மண்ணிலும் ஆற்றிலும் கிடைத்த 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பொதுவாக ஏற்றுமதி உரிமம் கேட்பார்கள். ஊருக்குப் போகும்போது ஒன்றிரண்டைப் பரிசாக எடுத்துப் போக நினைத்தால், அந்த உரிமத்தைக் கொடுக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்திடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.