முன்னால் போன வண்டியின் எண்

மதிப்பிற்குரிய ஐயா,

மோட்டார் சைக்கிள் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு, நண்பர்கள் ஐந்து பேர் மூன்று வண்டிகளில் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அதிகாலையில் கிளம்பினோம். திருப்பூரிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை சென்று இரவு தங்கினோம். மறுநாள் மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு என்று சுற்றிக்கொண்டு இரவு பத்து மணிக்கு வீடு சேர்ந்தோம். மொத்தம் 440 கிலோமீட்டருக்குக் குறையாது. என்னுடையது பழைய 100 சிசி ஸ்பிளெண்டர். மற்ற இரண்டும் 350 சிசி வண்டிகள்.

வந்ததும் என் மனைவி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டாள். எனக்கு முன்னால் போன வண்டியின் நம்பர் பிளேட்டைத் தவிர வேறொன்றும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அலைபேசியில் இருநூறு படங்கள் இருக்கின்றன. பாதிப் படங்கள் எந்த இடத்தில் எடுத்தவை என்று தெரியவில்லை. பேசாமல் காரில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. குறை வண்டியிலா, எங்களிடமா?

ம., திருப்பூர்

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நம்பர் பிளேட்தான். பயணம் முடிந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அருவியையும் பனிமூட்டத்தையும் பற்றிச் சொல்வார்கள். நீங்கள் உண்மையில் எதைப் பார்த்தீர்களோ அதைச் சொல்லியிருக்கிறீர்கள். மேட்டில் இரண்டாவது கியருக்கு மேல் போகாத வண்டியில், பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு பெரிய வண்டிகளை விட்டுவிடக்கூடாது என்று துரத்திக்கொண்டு போனவருக்கு வேறு எதுவும் கண்ணில் பட்டிருக்க வழியில்லை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவரால் காட்சிகளைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. பள்ளத்தாக்கை இரண்டு நொடி ரசித்தால் 22 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகக் கணக்கு. ஆழியாற்றிலிருந்து மேலே ஏறும் சாலையில் பல இடங்களில் அதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அது மட்டுமின்றி, இரு சக்கர வண்டி நம் கண் போகும் பக்கமே சாயும் இயல்புடையது. வளைவில் திரும்பும்போது பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் மெல்லப் பள்ளத்துப் பக்கம் நகரும். ஆகவே காட்சி மட்டுமே வேண்டுமென்றால் காரின் ஜன்னலோரமே சிறந்தது. அதைவிடச் சிறந்தது அரசுப் பேருந்தில் ஓட்டுநருக்கு இடப்பக்கத்து முன் இருக்கை.

அப்படியானால் மோட்டார் சைக்கிளில் என்னதான் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். உடம்பு பெற்றுக்கொள்கிற சில விஷயங்கள் அதில் மட்டுமே கிடைக்கின்றன. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த இடத்தில் சட்டைக் கைக்குள் முதல் குளிர் நுழைந்தது என்பது வண்டியில் சென்றவருக்கு மட்டுமே தெரியும். எதிரே இறங்கி வரும் லாரியின் பிரேக் தீய்ந்த நாற்றம், ஓடை குறுக்கிடும் திருப்பத்தில் முகத்தில் அறைகிற ஈரம், அட்டகட்டியைத் தாண்டித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று வருவதற்கு அரை கிலோமீட்டர் முன்பே வந்துவிடும் வறுத்த இலை மணம் ஆகியவை கண்ணாடி ஏற்றிய காருக்குள் வருவதில்லை. ஆனால் இவையெல்லாம் மெதுவாகப் போகிறவருக்கே எட்டும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் பத்தடி இடைவெளிதான் என்றால், மூக்கில் ஏறுவது அந்த வண்டியின் புகை மட்டுமே.

கண்ணுக்கு உரியதற்கு வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நீங்களும் நின்றிருப்பீர்கள். எத்தனை நிமிடம்? படம் எடுக்கும் நேரம் மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு முதலில் வெறும் வெளிச்சமாகத் தெரியும், பிறகுதான் அதன் கரைகள் பிடிபடும். ஒருமுறை அப்படி நின்றபோது, பாறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று தலையைத் திருப்பியது, வரையாடு. சாலையோரத் தடுப்புச் சுவருக்கு வந்து, நான்கு குளம்புகளையும் ஒரு சாண் இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, சிமென்ட் பூச்சை நக்கிக்கொண்டிருந்தது. அதுபோலவே வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் யாராவது தலையை நிமிர்த்திப் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். (பார்த்திருந்தால், சிப்ஸ் பொட்டலம் எதையும் நீட்டவில்லை என்று நம்புகிறேன்.)

இப்போது வரிசையைப் பற்றி. கூட்டமாகப் போகும்போது வழி தெரிந்தவர் முதலில், அவருக்கு அடுத்ததாகவே மிக மெதுவான வண்டி, கடைசியில் கைதேர்ந்தவர் என்று போவது பழைய வழக்கம். உங்கள் ஸ்பிளெண்டர் மூன்றாவதாக வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அது இரண்டாவதாக வந்திருந்தால் முன்னால் போகிறவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்துத் தன் வேகத்தை அமைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. சாலை பிரியும் இடத்தில் அவர் முகம் தெரியும் வரை நிற்க வேண்டும். 350 சிசி வைத்திருக்கும் நண்பர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பெட்ரோல் மிச்சமாகும் என்று இதே மலையில் நியூட்ரலில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். பாதி வழியில் பிரேக் பெடல் கால் அழுத்தத்துக்கு அடங்கிப் போயிற்று, வண்டி அடங்கவில்லை. எப்படியோ உருண்டு ஆழியாறு வந்து பின் சக்கர டிரம்மில் தண்ணீர் ஊற்றியபோது, தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சீறியது. சூடான இரும்பில் தண்ணீர் ஊற்றியதற்காகப் பொள்ளாச்சி மெக்கானிக் தனியாக ஒருமுறை திட்டினார். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. மலையில் பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி போவதாக இருந்தால் சாலக்குடியை விட்டுவிடுங்கள். திருச்சூரிலிருந்து வீடு வரை நீங்கள் ஓட்டியது பெரும்பாலும் அகலமான நெடுஞ்சாலை; ஞாயிறு மாலையின் கண் எரிச்சலைத் தவிர அதில் ஒன்றும் இருந்திருக்காது. பொள்ளாச்சியில் காலை டிபன் முடித்து, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கான 40 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மறுநாள் அதே வழியில் திரும்புங்கள். போன வழியிலேயே வருவது வீண் என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். ஏறும்போது இடப்பக்கம் பாறைச்சுவர் இருந்த அதே இடத்தில், இறங்கும்போது இடப்பக்கம் பள்ளம் இருக்கும். காலையில் வெயில் பட்ட சரிவு மாலையில் நிழலில் கிடக்கும். மொத்தம் 250 கிலோமீட்டர்தான், உங்கள் ஸ்பிளெண்டருக்குத் தாராளமாகக் கட்டுப்படியாகும்.

குளிர் தொடங்கும் வளைவு எதுவென்று எண்ணிக்கொண்டு போய் எனக்கு எழுதுங்கள். ஜனவரிக் காலையில் என் கணக்குக்குப் பதினாறு. உடன் வந்த நண்பர் பன்னிரண்டு என்றார். அவர் அன்று ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை.