சொந்த ஊரைக் காசு குடுத்துப் பார்க்கலாமா?

அன்புள்ள அண்ணா,

1989இல் பதினொரு வயதில் ஊரை விட்டுப் போனவன் நான். இந்தமுறை வந்தபோது, வழிகாட்டி ஒருவரோடு யாழ்ப்பாண நகரை நடந்து பார்க்கும் குழுவில் சேர்ந்தேன். மற்றவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர். கோட்டை, நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பெரியகடை என்று மூன்று மணித்தியாலம். வீட்டுக்கு வந்து சொன்னதும், ஊரிலேயே இருந்துவிட்ட சின்னம்மா, "சொந்த ஊரைக் காசு குடுத்தே பாக்கிறாய்?" என்று கேட்டா. அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் செய்தது பிழையா?

ம., ரொறன்ரோ

அன்புள்ள ம.,

பிழையில்லை. சின்னம்மா கேட்டதும் நியாயம்தான். ஆனால் ஊரிலே பிறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பதை நான் இப்போது நம்புவதில்லை. கொக்குவிலில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம், சந்தை, நல்லூர்த் திருவிழா, இவற்றுக்குப் போகும் நாலைந்து வீதிகள்தான் என் யாழ்ப்பாணம்.

சோனகத் தெருவுக்குள் கால் வைத்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஊர் திரும்பிய முஸ்லிம் பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். 1990 ஒக்ரோபர் கடைசியில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நகரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, இது தையற்கடை, இது இன்னாருடைய வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கண்டது பற்றையும் இடிந்த மதிலும். வெளியேற்றம் எனக்குத் தெரியும். அந்த வாசல்கள் தெரியாது. இரண்டு மைல் தள்ளி வளர்ந்தவன் நான்.

கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் போரில் அழிந்து இன்று வெறும் கற்குவியல். போர்த்துக்கேயர் இடித்த பழைய நல்லூர்க் கோயில் முத்திரைச் சந்தைத் தேவாலயப் பக்கம் இருந்தது என்பார்கள். கிட்டத்தான் 'ப' வடிவில் யமுனா ஏரி. திருவிழாவின் இருபத்தைந்து நாளும் போன நான் அந்த ஏரிக்கரையில் ஒருநாள்கூட நின்றதில்லை. ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினால்தான் நிற்போம்.

உங்கள் வழிகாட்டி நூலகத்தடியில் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். வெள்ளை பூசிய அழகான கட்டடம், முன்னால் சரஸ்வதி. படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒருமுறை ஒரு வழிகாட்டி அங்கே நின்று "தீ விபத்து" என்று சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பு பதறியது. 1981இல் பொலிஸாரும் காடையரும் வைத்த நெருப்பு அது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஏட்டுச்சுவடிகள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லாதவருக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. உங்களுடையவர் சொல்லியிருந்தால், நீங்கள் கொடுத்த காசு நல்ல காசு.

அடுத்தமுறை சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெயில் ஏறமுதல். 1995இல் ஊரே இடம்பெயர்ந்த அந்த ஒக்ரோபர் இரவில், எந்த ஒழுங்கையால் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்துக்குப் போனார் என்று கேளுங்கள். கால் ஏலுமென்றால் அந்த வழியால் கொஞ்சத் தூரம் சேர்ந்து நடவுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.