பாதி கட்டின விமானத்தை வாங்கலாமா? அந்த 70 பர்சென்ட்டை நம்பாதீங்க

கேள்வி: அம்பத்தூர்ல டூல் ரூம்ல வேலை பாக்குறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஷெட்டுல பாதி கட்டின ரெண்டு சீட்டர் ஆர்வி-7 கிட் விமானம் (பார்ட்ஸா வாங்கி நாமளே கட்டுறது) இருக்கு. கட்டினவர் தவறிட்டார். 70 பர்சென்ட் முடிஞ்சிடுச்சு, 22 லட்சம், விமானத்துக்கு அனுமதி குடுக்குற டிஜிசிஏ ஆபீஸ் பேப்பர்லாம் நான் பாத்துக்கறேன்னு ஒரு மீடியேட்டர் சொல்றார். ரிவெட் அடிக்க எனக்குத் தெரியும். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபா கூட குடுக்காதீங்க சார். உங்க கை வேலை மேல எனக்கு சந்தேகமே இல்ல, சந்தேகம் அந்த 70 மேலயும் "நான் பாத்துக்கறேன்" மேலயும்தான்.

றெக்கை, வால், பாடி நின்னாலே பாக்க விமானம் மாதிரி ஆயிடும், உடனே 70ங்கறாங்க. சுவர் எழுப்பின உடனே வீடு முடிஞ்சிடுச்சுன்னு சொல்ற மேஸ்திரி கணக்குதான் இது. இன்ஜின் மாட்டுறது, ஃப்யூவல் லைன், வயரிங், பேனல், கனப்பி (மேல் கண்ணாடி மூடி), கவுலிங் (இன்ஜின் மூடி), பணமும் வருஷமும் போறது இதுலதான், அதெல்லாம் இன்னும் உங்க தலையிலதான் இருக்கு.

அதை விட முக்கியம், நீங்க வாங்கப்போறது அலுமினியம் இல்ல, தவறிட்டவரோட ரெக்கார்டு. பில்டர் லாக் (கட்டினவர் வேலையை எழுதி வச்ச நோட்டு) இருக்கா, ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் போட்டோ இருக்கா, முக்கியமா றெக்கையோட கீழ் ஸ்கின்னை, அதாவது கீழ்த் தகட்டை, மூடறதுக்கு முன்னாடி உள்ள எடுத்த போட்டோ? மூடிட்டா உள்ள என்ன ரிவெட் அடிச்சிருக்காங்கன்னு டார்ச்சும் கண்ணாடியும் வச்சு கொஞ்சம்தான் பாக்க முடியும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து இதை யார் மூடினது, மூடும்போது யார் பாத்ததுன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க, மீடியேட்டரா வந்து பதில் சொல்வார்? கிட் இன்வாய்ஸ், கஸ்டம்ஸ் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி பேப்பர்) யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. ஓனர் இல்லாததால வாரிசு சான்றிதழும் எல்லா வாரிசுங்க கையெழுத்தும் வேணும், ஒருத்தர் மட்டும் போட்டா பத்தாது.

51 பர்சென்ட் ரூல் இருக்கு சார், நமக்கு பிரச்சனையே இல்லன்னும் அந்த மீடியேட்டர் சொல்லுவார் பாருங்க. அது அமெரிக்கா ரூல். அதுவும் எவ்ளோ முடிஞ்சிருக்குங்கறது பத்தி இல்ல, பாதிக்கு மேல வேலையை காசு வாங்காத அமெச்சூர் ஆளுங்க செஞ்சிருக்கணும்ங்கறது. அதை இங்க காட்டி விக்கிறவங்களை நம்பவே நம்பாதீங்க.

இங்க நிலைமை என்னன்னா, மும்பைல கேப்டன் அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடில விமானம் கட்டினார், 2016 மேக் இன் இந்தியா கண்காட்சில நாடே பாத்துச்சு, ரிஜிஸ்ட்ரேஷன் கைக்கு வர 2017 நவம்பர் ஆச்சு, பறக்க பெர்மிட் கிடைச்சது 2019ல. அவர் தொழில்முறை பைலட், ஒவ்வொரு ரிவெட்டுக்கும் அவரே பதில் சொல்ல முடியும். அவருக்கே இந்த இழுவைன்னா அடுத்தவர் விட்டுட்டுப் போன வேலைக்கு ஃபைல் எந்த டேபிள்ல எத்தனை மாசம் தூங்கும்னு யோசிங்க, இந்த நாட்டுல ஆர்வமா ஒரு பொருளை செய்றவனை விட ஸ்டாம்ப் வாங்கித் தர்றேன்னு சுத்துறவனுக்குத்தான் வாழ்வு, எனக்கு ரொம்ப ஆத்திரமா வருது. அதனால மீடியேட்டரை விட்டுட்டு நீங்களே மீனம்பாக்கத்துல இருக்குற டிஜிசிஏ ஆபீஸுக்கு எழுத்துல கேளுங்க, பதிலும் எழுத்துல வாங்குங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு, பெட்டியே பிரிக்காத கிட். அதுல முன்னாடி ஆளோட தப்பு இருக்காது, இன்வாய்ஸ் சரியா இருந்தா யோசிக்கலாம். ஆனா அதுலயும் எப்ப அனுப்பின பெட்டின்னு பாருங்க, ஏன்னா இந்த ஆர்வி-7 கிட்டைத் தயாரிக்கிற வேன்ஸ் கம்பெனி 2022, 2023ல அனுப்பின சில பார்ட்ஸ்ல ஓட்டையை லேசர்ல வெட்டியிருந்தாங்க, டிம்பிள் அடிக்கும்போது (ரிவெட் தலை உக்கார ஓட்டையைச் சுத்தி குழி அடிக்கும்போது) ஓட்டை விளிம்புல கிராக் விட்டுச்சு, மாத்து பார்ட்ஸ் குடுக்குற செலவும் சேர்ந்துக்கிட்டு 2023 டிசம்பர்ல கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கே போச்சு. அதனால பேக்கிங் லிஸ்ட்டை வச்சு எந்தெந்த பார்ட் லேசர்ல வெட்டினதுன்னு கம்பெனிகிட்டயே கேட்டுக்கோங்க. பெட்டி பாதி பிரிச்சிருந்தா இந்த விதிவிலக்கு கிடையாது.

நேர்ல போனா முதல்ல ஷீட் மேல இருக்குற நீல பிளாஸ்டிக் ஃபிலிமை ஒரு ஓரத்துல உரிச்சுப் பாருங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல வருஷக்கணக்கா ஒட்டிக்கிடந்தா அடியில நூல் நூலா வெள்ளைக் கோடு ஓடியிருக்கும், அது அரிப்பு. ரிவெட் வாலை, அதாவது நசுக்கின பக்கத்தை, கேஜ் வச்சு பாருங்க, எட்டுல ஒரு பங்கு இன்ச் தடிமன் ரிவெட்டுன்னா நசுக்கின தலை சுமார் 4.8 மில்லி அகலம், 1.6 மில்லி உயரம் இருக்கணும். போல்ட்டுங்க தலைல எக்ஸ் மாதிரி குறி இல்லேன்னா பாரிமுனைல வாங்கின சாதா போல்ட்டான்னு சந்தேகப்படுங்க. லைகமிங் இன்ஜின் கூட வருதுன்னா ஆசைப்படாதீங்க, அதுல கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்குற தண்டு) மேல் பக்கம் இருக்கும், ஓடாம கிடந்தா ஆயில் வடிஞ்சு துருப்பிடிச்சிடும், ஒரு சிலிண்டரைக் கழட்டிப் பாக்க விடலேன்னா இன்ஜினுக்கு விலையே போடாதீங்க.

டோக்கன் அட்வான்ஸ் குடுத்தாதான் லாக் புக்கைக் காட்டுவேன்னா அங்கயே கிளம்பி வந்துடுங்க. வாரிசுங்க நம்பரை எப்படியாவது பிடிச்சு நேரா பேசுங்க, அவங்க கேக்குற விலையும் இவர் சொல்ற 22 லட்சமும் ஒண்ணுதானான்னு முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோங்க.