ஃபேர்டிரேட் கோப்பி: அந்தக் கூடுதல் காசு யார் கைக்குப் போகிறது?

கோலாலம்பூரில் பச்சைக் கோப்பிக் கொட்டை வாங்கி வறுத்து விற்கிறேன், பதினைந்து வருடமாச்சு. ஃபேர்டிரேட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஃபேர்டிரேட் என்றால், விவசாயிக்கு ஒரு குறைந்தபட்ச விலையும், அதற்கு மேல் பிரீமியம் என்று ஒரு கூடுதல் தொகையும் கொடுத்து வாங்கிய சரக்குக்குப் போடும் முத்திரை. முடிந்தவரை பதில்.

செந்தூல் தம்பி: அண்ணே, 250 கிராம் ஃபேர்டிரேட் கோப்பி 45 வெள்ளி. அதில் விவசாயிக்கு அதிகமாக என்ன கிடைக்கிறது?

கணக்குப் போட்டே காட்டுகிறேன். வறுக்கும்போது எடை குறையும், அதனால் உங்கள் பாக்கெட்டுக்கு 300 கிராம் போலப் பச்சைக் கொட்டை வேண்டும். ஒரு பவுண்டுக்கு பிரீமியம் 20 அமெரிக்க சென்ட். அப்படியானால் உங்கள் பாக்கெட்டில் 13 சென்ட், நம் காசுக்கு அரை வெள்ளிச் சொச்சம். இவ்வளவுதானா என்பீர்கள், இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கொட்டை விலை, கப்பல், வறுவல், கடை வாடகை, அப்புறம் என் லாபம்.

ஆனால் ஒரு கண்டெய்னரில் 19 டன் போல ஏற்றுவார்கள். அதற்கு பிரீமியம் மட்டும் 8,000 டாலருக்கு மேல் வரும். அது கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது, என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கூடி வாக்களிக்கிறார்கள். 20 சென்ட்டில் 5 சென்ட்டாவது விளைச்சலுக்கும் தரத்துக்கும் செலவாக வேண்டும். காயவைக்கும் களம், தோல் உரிக்கும் மெஷின், இந்த மாதிரி.

பிரீமியத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது குறைந்தபட்ச விலை, சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே வாங்கக் கூடாது. நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு வைத்துக் கோப்பி விலையைத் தாங்கிய கோட்டா ஒப்பந்தம் 1989இல் உடைந்தது, 2001இல் சந்தை விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பறிக்கிற கூலிக்கே கட்டாத விலை. முத்திரை உள்ள அராபிக்கா வகைக் கோப்பிக்கு அப்போதும் பிரீமியம் சேர்த்து 1.26 டாலர். 2023 ஆகஸ்டில் குறைந்தபட்ச விலை மட்டும் 1.80 டாலர் ஆனது.

பட்டர்வொர்த் அக்கா: சாக்லேட் உறையில் முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கிறதே, அது எதற்கு?

பின்பக்கம் திருப்பிப் படியுங்கள் என்று அர்த்தம் அக்கா. கோக்கோ, சர்க்கரை, தேயிலை, பழச்சாறு இந்த நான்கிலும் தொழிற்சாலையில் மற்ற சரக்கோடு கலக்க விடுகிறார்கள். 10 டன் முத்திரைக் கோக்கோ வாங்கினால் அந்த அளவுக்குத்தான் முத்திரை போட்டு விற்கலாம், ஆனால் உங்கள் கையில் இருக்கும் துண்டில் முத்திரை பெற்ற விவசாயியின் கோக்கோதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. காசு மட்டும் அவருக்குப் போய்விடும். கோப்பியில் இந்தக் கலப்புக்கு இடமில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா ஒருவர்: அப்பா கித்தாத் தோட்டத்தில் பால் வெட்டினார். விலை இறங்கினால் சம்பளமும் இறங்கும். அந்த நாளில் இது இருந்திருந்தால் எங்களுக்கு உதவியிருக்குமா?

ஐயா, நானும் லயத்துப் பிள்ளைதான். அம்மா ஒட்டுப்பால் உருவிக் கோணிப்பையில் போட்டுத் தூக்கி வருவார், நிறுக்கிற இடத்தில் ஈரம் ஈரம் என்று சொல்லியே ஒரு கிலோவைக் கழிப்பார்கள். அதனால் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்கிறேன். முத்திரை 1988இல் நெதர்லாந்தில், மெக்சிகோவின் சிறு விவசாயிகளுடைய கோப்பியோடு ஆரம்பித்தது. இன்றைக்கும் கோப்பி, கோக்கோ இரண்டிலும் பெரிய தோட்டங்களுக்கு இடமில்லை. தேயிலை, வாழைப்பழம், பூ இதற்கெல்லாம் உண்டு, அங்கே பிரீமியத்தைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழுதான் செலவழிக்கும், துரை தொட முடியாது. ஆனால் அது தினக்கூலியில் சேராது. ரப்பருக்கு ஜெர்மனியில் 2012இலிருந்து தனியாக ஒரு சங்கம் இருக்கிறது, கிலோவுக்கு அரை யூரோ கூடுதலாகத் தருகிறார்கள். உங்கள் அப்பா காலத்தில் வந்திருந்தால் ஆயக்கொட்டகைக்கு ஒரு கூரை கிடைத்திருக்கும். சம்பளம் இறங்கியதை அது தடுத்திருக்காது.

பங்சாரிலிருந்து ஒருவர்: சில பாக்கெட்டில் தவளைப் படம் இருக்கிறதே, அதுவும் ஃபேர்டிரேட்தானே?

இல்லை. அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற வேறு அமைப்பின் முத்திரை, அதில் குறைந்தபட்ச விலை என்று ஒன்று கிடையாது. செம்பனை எண்ணெய்க்கான ஆர்எஸ்பிஓ முத்திரையிலும் கிடையாது.

கிள்ளான் அண்ணன்: எல்லாம் வெள்ளைக்காரன் மனசாட்சிக்கு ஏற்றும் நெய்விளக்கு!

பாதி ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. 2014இல் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் போய்ப் பார்த்தார்கள், முத்திரை உள்ள இடங்களில் கூலிக்குப் பறிப்பவர்களின் நிலை மற்ற இடங்களைவிட மேலாக இல்லை. சங்கத்து உறுப்பினருக்கு லாபம், அவர் நிலத்தில் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை. இன்னொன்று, பல சங்கங்களின் விளைச்சலில் ஒரு பகுதிதான் முத்திரை விலைக்குப் போகிறது, வாங்க ஆள் இல்லாததால் மிச்சம் சாதாரண விலைக்கு. 2025 பிப்ரவரியில் கோப்பியின் சந்தை விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியதே, அப்படி ஏறும்போது வாசலில் ரொக்கத்தோடு நிற்கும் தரகருக்கே விவசாயி கொடுத்துவிடுவார், சங்கம் ஒப்பந்தச் சரக்குக்குத் திண்டாடும். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், ரொக்கம் ரொக்கம்தான். விலை மறுபடி விழும்போதுதான் சங்கத்தின் அருமை தெரியும்.

ஈப்போ ரோடு அம்மா: மகள் கல்யாணத்துக்கு டோர் கிஃப்ட்டாக 500 ஃபேர்டிரேட் சாக்லேட் கொடுக்கலாமா?

நம் வெயிலில் கார் பார்க்கிலேயே உருகிவிடும் அம்மா. தேயிலை கொடுங்கள், நீலகிரியிலேயே முத்திரை வாங்கிய தோட்டங்கள் இருக்கின்றன. முத்திரை பெட்டியில்தான் இருக்கும், உள்ளே இருக்கும் உதிரிப் பையில் பெரும்பாலும் இருக்காது. அதனால் பிரித்துப் போடாமல் பெட்டியோடு கொடுங்கள்.