மேட்டூர் 120 அடி: கரையோர வீட்டுக்காரர் எதைப் பார்க்க வேண்டும்?

பள்ளிபாளையத்தில் ஆற்றை ஒட்டி வீடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதுமே எச்சரிக்கை விடுகிறார்கள். சில வருடம் ஒன்றும் ஆவதில்லை, சில வருடம் வாசல் வரை தண்ணீர் வந்துவிடுகிறது. எதை நம்பிச் சாமான்களை மேலே ஏற்றுவது?"

அடிக்கணக்கை விட்டுவிட்டு நீர்வரத்தைப் பாருங்கள்.

120 அடியில் அணையில் நிற்பது 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி). அதற்கு மேல் தேக்க இடமில்லை. மின் நிலையங்கள் வழியே போனது போக மிச்சமெல்லாம் 16 கண் மதகில்தான் இறங்கும். நிரம்பிய அணை வெள்ளத்தைத் தடுப்பதில்லை, உங்களிடம் கடத்திவிடுகிறது. அந்த நேரத்தில் நொடிக்கு 20 ஆயிரம் கனஅடி வந்தால் ஆற்றுக்குள்ளேயே ஓடிவிடும். இரண்டு லட்சத்தை நெருங்கினால் தாழ்வான தெருக்களுக்குள் நுழையும். அணை அதே 120 அடிதான்!

சரி, அணை நிரம்பாதபோது? நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டிஎம்சி. 100 அடியில் அணையில் சுமார் 65 டிஎம்சி இருக்கும், ஆக மேலே 28 டிஎம்சிக்கு இடம். லட்சம் கனஅடி வந்தால் ஒரு நாளைக்கு 8.64 டிஎம்சி. திறப்பைக் கழிக்காமல் பார்த்தால் மூன்று நாளுக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அவகாசம்.

முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளின் திறப்பையும், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எடுக்கும் அளவையும் கவனியுங்கள். காலைப் பேப்பரில் வரும் எண் பழசு. வெள்ள நாளில் அது மணிக்கு மணி மாறும். பலர் மறந்துவிடுவது பவானி ஆற்றின் பவானிசாகர் அணையை. பவானி ஆறு கூடுதுறையில், உங்களுக்கு மேலேயே காவிரியில் சேர்கிறது. இரண்டு அணையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அணை சின்ன வெள்ளங்களை விழுங்கிவிடுவதால் பல வருடம் ஆறு ஒடுங்கியே கிடக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் ஊர் ஆற்றுக்குள் இறங்கி வீடு கட்டுகிறது. பட்டா இருக்கிறதா என்று கேட்பவர்கள், தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்பதில்லை.

2018 ஆகஸ்டில் திறப்பு 2 லட்சம் கனஅடியைத் தொட்டது. அன்று தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, சுவரில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். நீர்வரத்து லட்சத்தைத் தாண்டி, அணையும் 115 அடிக்கு மேல் இருந்தால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரைகளை முதலில் எடுங்கள். கட்டில், பீரோவெல்லாம் அப்புறம்.