வீடு திரும்பியதும் முகத்துக்கு என்ன செய்வது? கேள்வி பதில்

முகம் கழுவும் பொருட்களைத் தயாரிக்கும் ஆய்வகத்தில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான், மருத்துவர் இல்லை. புகையும் தூசியுமாக இருக்கும் நகரங்களில் வசிப்பவர்கள் மாலையில் முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். நோய் சம்பந்தப்பட்டதை மட்டும் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, தினமும் இரண்டு மணி நேரம் பைக்கில் போய் வருகிறேன். வீட்டுக்கு வந்து பஞ்சில் துடைத்தால் கறுப்பாக வருகிறது. எதில் கழுவினால் முழுதாகப் போகும்?

பஞ்சில் வருகிற கறுப்பு வெறும் மண் தூசி இல்லை தம்பி. வண்டிப் புகையின் கரித்துகள், உங்கள் தோலே சுரந்த எண்ணெய், வியர்வை, காலையில் பூசிய சன்ஸ்கிரீன் எல்லாம் கலந்த பசை அது. கரித்துகளின் மேல் ஒட்டியிருக்கும் ஹைட்ரோகார்பன்கள் (எரிபொருள் எரியும்போது வரும் வேதிப்பொருட்கள்) தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால்தான் வெறும் தண்ணீரை எத்தனை முறை அடித்தாலும் பிசுபிசுப்பு போவதில்லை.

ஃபேஸ்வாஷில் வேலை செய்வது சர்ஃபாக்டன்ட் என்ற பொருள். அதன் மூலக்கூறுக்குத் தண்ணீரோடு ஒட்டும் தலையும் எண்ணெயோடு ஒட்டும் வாலும் உண்டு. வால்கள் எல்லாம் எண்ணெய் அழுக்கில் குத்தி நிற்க, தலைகள் வெளியே தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, அழுக்கு சிறு உருண்டைகளாகக் கழன்று தண்ணீரோடு போய்விடும். ஆனால் எல்லா சர்ஃபாக்டன்டும் ஒன்றல்ல. சோடியம் லாரில் சல்ஃபேட் நன்றாகத்தான் அழுக்கெடுக்கும், கூடவே தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் பதம் பார்க்கும். தோல் எரிச்சலை ஆராய்கிறவர்கள், சோதனைக்காக வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்க எடுத்துக்கொள்வது இதைத்தான். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோகமிடோப்ரோபில் பீட்டைன் போன்ற பெயர்கள் பட்டியலில் முன்னால் இருந்தால் பெரும்பாலும் மென்மையான வகை. சல்ஃபேட் என்று பார்த்ததும் பயந்து ஓடவும் வேண்டாம். பீட்டைன் மாதிரி ஒன்றைச் சேர்த்துச் செய்தால் அதன் கடுமை நன்றாகவே குறையும். பட்டியலைவிட உங்கள் தோல் சொல்வது முக்கியம். கழுவி ஐந்து நிமிடத்தில் இழுத்துப் பிடித்தால் அது உங்களுக்கான ஃபேஸ்வாஷ் இல்லை. தட்டைத் தேய்த்தது போல் 'கிரீச்' என்று சத்தம் வருவதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். எடுக்கக் கூடாததையும் சேர்த்து எடுத்துவிட்டோம் என்பதற்கான அடையாளம் அது.

செய்முறை இவ்வளவுதான். முதலில் கையைக் கழுவுங்கள், இதைப் பலர் மறக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், விரல் நுனி, ஒரு நிமிடம் போதும். ஹெல்மெட் வார் படும் தாடை, மூக்கின் இரு பக்கம், முடி தொடங்கும் ஓரம், காதுக்கு முன்னால், இங்கேதான் அழுக்கு தங்கும். அப்புறம் நன்றாக அலசுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்க்காதீர்கள் என்பதை இன்று இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன்.

கேள்வி: குளிக்கிற சோப்பே போதாதா?

சாதாரண சோப்பின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 9, 10 வரை போகும். தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டி இருக்கும். உடம்பு பொறுத்துக்கொள்ளும், முகம் பலருக்குப் பொறுக்காது. கட்டிதான் வசதி என்றால் சிண்டெட் (செயற்கை சர்ஃபாக்டன்டில் செய்தது) என்று போட்டிருக்கும் கட்டியைத் தேடுங்கள். பார்க்க சோப்பு போலத்தான் இருக்கும், ஆனால் சோப்பு இல்லை.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவலாம்? நான் ஐந்து முறை கழுவுகிறேன், அப்படியும் எண்ணெய் வடிகிறது.

இரண்டு முறை. அதில் மாலைக் கழுவல் கட்டாயம். காலையில் வெறும் தண்ணீரே பலருக்குப் போதும். நடுவில் எண்ணெய் வடிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: வாரம் மூன்று நாள் ஸ்கிரப் போட்டால் அடைபட்ட தூசி வெளியே வருமா?

வராது. தூசி துளைக்குள் கல் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை, தேய்த்துப் பெயர்த்தெடுக்க. துளையை அடைப்பது இறந்த செல்களும் எண்ணெயும். அதற்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள்ளேயே போய் வேலை செய்யும். வாரம் இரண்டு மூன்று இரவு போதும். ஸ்கிரப் தோலைக் கீறும், கீறலில் மறுநாள் புகை படும், நமக்கு அந்த இடத்தில் கறுப்புத் தழும்பும் விழும். மாசு செய்கிற கெடுதலைவிட மாசுக்குப் பயந்து தேய்க்கிற கெடுதலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: முதலில் எண்ணெய், பிறகு ஃபேஸ்வாஷ் என்று இரண்டு முறை கழுவச் சொல்கிறார்களே, அவசியமா?

தண்ணீரில் கலையாத சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போடுகிறவர் என்றால் ஆமாம், உதவும். இரண்டும் இல்லை என்றால் ஒரு முறை பொறுமையாகக் கழுவுவதே போதும். எண்ணெய் என்றால் சமையலறை எண்ணெய் இல்லை. கழுவுவதற்கென்றே செய்த க்ளென்ஸிங் ஆயிலில் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் எமல்சிஃபையர் சேர்த்திருப்பார்கள், தண்ணீர் பட்டதும் பால் போல வெளுக்கும், அப்படியே அலசிப் போய்விடும். வெளுக்காவிட்டால் அது வெறும் எண்ணெய், அழுக்கைக் கரைத்து முகத்திலேயே பரப்பி வைக்கும்.

கேள்வி: பி.எம். 2.5 துகள் (காற்று மாசில் இருக்கும், 2.5 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான நுண்துகள்) ஆரோக்கியமான தோலைத் தாண்டி உள்ளே போகாது என்றுதான் நாங்கள் படித்தோம். அப்படியானால் மாசுக்கு எதிரான தோல் பராமரிப்பு என்பதே விற்பதற்காகக் கிளப்பிய பயம்தானே மேடம்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். பாதி நீங்கள் சொல்வது சரி. 2.5 மைக்ரான் துகள் முழுசாகத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. தோலின் மேலடுக்கு அதற்காகவே இருக்கிறது. ஆனால் துகள் உள்ளே போகத் தேவையில்லை. அதன் மேல் ஒட்டிவரும் ஹைட்ரோகார்பன்கள் தோலின் எண்ணெயில் கரைந்து கீழே இறங்க முடியும். தோல் செல்களில் அரைல் ஹைட்ரோகார்பன் ரிசெப்டர் என்று ஓர் உணர்வான் புரதம் இருக்கிறது, அவை போய் அதைத் தட்டி எழுப்பினால் அழற்சி, நிறமி, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைச் சிதைக்கும் நொதி என்று வரிசையாக வேலைகள் தொடங்கும். நகரக் காற்றில் இருக்கும் ஓசோன் வாயு இன்னொரு பக்கம். அது தோலுக்குள் ஆழமாகப் போவதே இல்லை, மேலடுக்கில் இருக்கும் வைட்டமின் ஈ-யைத் தின்றுவிட்டு, தோல் எண்ணெயில் இருக்கும் ஸ்குவாலீன் என்ற கொழுப்பை ஆக்ஸிஜனேற்றம் செய்துவிடும். அப்படிக் கெட்டுப்போன ஸ்குவாலீன் துளைகளை அடைக்கும். ஜெர்மனியில் 70 முதல் 80 வயதான 400 பெண்களை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், போக்குவரத்துப் புகையும் கரியும் அதிகமான இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் நிறமிப் புள்ளிகள் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தன. வெயில், புகைப்பழக்கம் இவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் சொன்னார்கள்.

கேள்வி (அதே நபர்): அது தொடர்பைக் காட்டும் ஆய்வு. மாலையில் முகம் கழுவியிருந்தால் அந்தப் புள்ளிகள் வந்திருக்காது என்று அதில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். பல பத்தாண்டு மாசின் கதை அது, ஃபேஸ்வாஷைச் சோதித்த ஆய்வு இல்லை. அதைக் காட்டி யாராவது உங்களிடம் ஒரு டியூபை விற்க வந்தால் இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். நான் சொல்வது அதைவிடச் சிறியது. எண்ணெயில் கரையும் பொருள் தோல் எண்ணெயில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் ஊறும். படுக்கும்போது அதை வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் கிடப்பதைவிட எடுத்துவிடுவது நல்லது. செலவு ஒரு நிமிடம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் மேலடுக்கைச் சேதப்படுத்திவிட்டால் நீங்கள் படித்த 'ஆரோக்கியமான தோல்' என்ற நிபந்தனையே போய்விடும். உடைந்த மேலடுக்கு வழியாக எது வேண்டுமானாலும் சுலபமாக இறங்கும். என் கவலை முழுக்க அங்கேதான்.

கேள்வி (வேறொருவர்): இவர் சொல்வதைப் பார்த்தால் கழுவாமலே படுக்கலாம் போலிருக்கிறதே?

அவர் அப்படிச் சொல்லவில்லை, ஆதாரம் கேட்டார். கேட்க வேண்டியதுதான். நீங்கள் கழுவிவிட்டுப் படுங்கள்.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் 'ஆன்டி பொல்யூஷன்' என்று அச்சிட்ட கிரீம் எல்லாம் பொய்யா?

பொய் என்று மொத்தமாகச் சொல்லமாட்டேன். ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் இருக்கலாம், துகள் ஒட்டாதபடி மெல்லிய படலம் போடும் பாலிமர் இருக்கலாம். ஆனால் சன்ஸ்கிரீனுக்கு எஸ்.பி.எஃப். மாதிரி, எல்லோரும் ஏற்றுக்கொண்ட எண் இதற்குக் கிடையாது. ஒரு நிறுவனம் அந்தச் சொல்லை எந்தச் சோதனையை வைத்து எழுதியது என்பது டியூபைப் பார்த்துத் தெரியாது. உள்ளே நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை), செரமைடு (தோலிலேயே இருக்கும் ஒரு கொழுப்பு), வைட்டமின் ஈ இருந்தால் அவற்றுக்காக வாங்குங்கள், முகப்பில் எழுதிய சொல்லுக்காக வேண்டாம்.

கேள்வி: கரி சேர்த்த ஃபேஸ்வாஷ் நச்சை உறிஞ்சுமாமே?

கரி உறிஞ்சும், மறுக்கவில்லை. தண்ணீர் வடிகட்டியில் அதற்கு நேரமும் பரப்பும் கிடைக்கிறது. ஃபேஸ்வாஷில் ஒரு நிமிடம்தான், அதுவும் சுற்றிலும் சர்ஃபாக்டன்ட் மொய்த்திருக்கும் நிலையில். சுத்தம் செய்வது சர்ஃபாக்டன்ட், பெயர் வாங்குவது கரி.

கேள்வி: கழுவிய பிறகு இரவில் எதை எந்த வரிசையில் போடுவது? என்னிடம் ஏழு சீரம் இருக்கிறது.

ஆறை மூடி வையுங்கள்.

இரவில் தோல் வழியாக நீர் ஆவியாவது பகலைவிடக் கூடுதல். படுத்ததும் அரிப்பு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் மாய்ஸ்சரைசர்தான் முக்கியம், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. கிளிசரின், செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம், இவை சேர்ந்தது நல்லது. மிகவும் வறண்ட இடத்தில் மேலே ஒரு துளி பெட்ரோலியம் ஜெல்லி. விலை குறைவான அந்தப் பொருளை நீரிழப்பைத் தடுப்பதில் மிஞ்ச இன்னும் ஆளில்லை.

அந்த ஒரு சீரம் எது என்றால் 4, 5 சதவீத நியாசினமைடு. மேலடுக்கின் கொழுப்புகளைக் கூட்டும், நிறமி மேலே வருவதைக் குறைக்கும், பெரும்பாலானவர்களுக்கு எரியாது. 10 சதவீதம் வாங்கினால் இரட்டிப்புப் பலன் கிடைக்காது, சிவந்துபோக வாய்ப்புதான் கூடும். இரண்டு மாதம் இதில் நிலைத்த பிறகு ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வகை) வேண்டுமென்றால் வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, காய்ந்த முகத்தில், மேலே மாய்ஸ்சரைசர். வெளிச்சத்தில் அது சிதையும், அதனால்தான் இரவில் போடச் சொல்கிறோம். சாலிசிலிக் போட்ட இரவில் ரெட்டினால் வேண்டாம்.

கேள்வி: ஏழு மாத கர்ப்பம், ரெட்டினால் தொடரலாமா?

இன்றே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வைட்டமின் சி இரவில் போடலாமா?

போடலாம், தவறில்லை. ஆனால் சன்ஸ்கிரீனுக்கு அடியில் காலையில் போட்டால் வெயிலும் புகையும் தாக்கும் நேரத்தில் அது அங்கே இருக்கும்.

கேள்வி: தோழி ஒரு கிரீம் தந்தாள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளப்பானது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, பரு கொட்டுகிறது. தூசியால்தானே?

தூசியால் இல்லை. நான் முகம் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்கிற கதையை அப்படியே பலமுறை கேட்டிருக்கிறேன். டியூபைத் திருப்பி பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மோமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டீராய்டு. லேபிளே இல்லை என்றால் இன்னும் மோசம், பாதரசம்கூட இருக்கலாம். ஸ்டீராய்டு மருத்துவர் சொன்ன நாளுக்கு, சொன்ன இடத்தில் போட்டால் நல்ல மருந்து. முகப்பூச்சாகத் தினமும் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, அது இல்லாமல் இருக்கவே முடியாத நிலை வரும். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டியூபையும் கையோடு கொண்டு போங்கள். இந்த வாரமே போங்கள் அம்மா. தோழியையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: கன்னத்தில் மங்கு. மாலையில் என்ன கழுவினால் போகும்?

கழுவிப் போகாது. தோல் மருத்துவர், அப்புறம் பகலில் அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். மங்குக்கு வெறும் வெளிச்சமே போதும் என்பதால் நிறமில்லாத சன்ஸ்கிரீன் மட்டும் போதாது.

கேள்வி: மேடம், முகத்துக்கான பிரஷ் வைத்துத் தேய்க்கலாமா?

மேலே ஸ்கிரப் பற்றிய பதிலைப் படியுங்கள். பிரஷ், நார், சொரசொரப்பான துணி, எல்லாவற்றுக்கும் அதே பதில்.

கேள்வி: 10 வயது மகள் வீடியோ பார்த்துவிட்டு மாலை சீரம் கேட்கிறாள்.

மென்மையான ஃபேஸ்வாஷ், வறண்டால் மாய்ஸ்சரைசர். அமிலமும் ரெட்டினாலும் அவள் அலமாரிக்கு வர வேண்டாம்.

கேள்வி: சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து மெதுவாகத் தேய்த்தால்?

தேய்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமே வரலாம். தேய்ப்பது பற்றி இனி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி: காற்று ரொம்ப மோசமான நாட்களில் தோலுக்கு இரவில் கூடுதலாக என்ன செய்யலாம்?

பி.எம். 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அதைப் பல மடங்கு தாண்டுகிற நாளில் நுரையீரலைப் பாருங்கள். முகத்தோடு படிகிற நல்ல மாஸ்க், மூடிய ஜன்னல், வெளியே ஓடுவதைத் தள்ளிப்போடுவது. தோலுக்கு வழக்கமானதே போதும். மோசமான நாள் என்று இரண்டு முறை கூடுதலாகக் கழுவாதீர்கள். மாஸ்க் உரசும் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் போகும்போதே கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு இரவுப் பணி, காலை எட்டு மணிக்குத்தான் வீடு வருவேன். மாலையில் கழுவுவதா, காலையிலா?

வீடு வந்து படுக்கப் போகும் நேரம்தான் உங்களுக்கு மாலை. எட்டு மணிக்கு வந்ததும் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, திரையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள். திரும்பும் வழியில் முகத்தில் வெயில் விழும் என்றால், பணி முடிந்து கிளம்பும் முன் சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளுங்கள்.