ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் மெயில் சர்வரோடு இணையவே கால் நிமிடம் ஆகிறது. புது சர்வர் வாங்கத்தான் வேண்டுமா?

வாங்காதீர்கள். கொட்டேஷன் ஏற்கெனவே உங்கள் மேஜைக்கு வந்திருக்கும், அதை ஓரமாக வையுங்கள்.

தாமதம் வரும் கணினியிலிருந்து சர்வரின் 25ஆம் போர்ட்டுக்கு, அதாவது மெயில் வந்து சேரும் வாசலுக்கு, டெல்நெட் என்ற கட்டளையால் இணைத்துப் பாருங்கள். ‘கனெக்டட்’ என்று உடனே வந்து, சர்வரின் வரவேற்பாக 220 என்று தொடங்கும் வரி மட்டும் இழுத்தடித்தால் பெரும்பாலும் லைனிலும் குறையில்லை, பிராசஸரிலும் குறையில்லை. சர்வர் யாரிடமோ எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சிஸ்டம் அட்மினாக இருந்தபோது எனக்கு வந்ததும் இதேதான். சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருள் ஓடும் சர்வர் டிஎம்இசட்டில் (வெளி உலகுக்கும் ஆபீஸுக்கும் நடுவே ஃபயர்வால் பிரித்து வைக்கும் பகுதி), ஆபீஸ் கணினிகள் உள் நெட்வொர்க்கில். புது ஃபயர்வால் பொருத்திய மறுநாளே எக்ஸ்போர்ட் பிரிவில் கூச்சல். பொருத்தியவர்களோ சர்வர் பழசு, ராம் போதாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சிபியு லோடு குறைவுதான் என்று காட்டினேன், மேலிடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ராத்திரி உட்கார்ந்து, நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டதில் எல்லாம் தெரிந்தது. வருகிற ஐபிக்குப் பெயர் என்ன, அந்தப் பெயருக்கு ஐபி என்ன என்று சென்ட்மெயில் இரண்டு முறை டிஎன்எஸ்ஸை, அதாவது பெயரையும் ஐபியையும் பொருத்திச் சொல்லும் நேம்சர்வர்களை, கேட்கிறது. முதல் நேம்சர்வர் உள் நெட்வொர்க்கில் இருந்தது. அங்கே போகும் பாக்கெட்டை ஃபயர்வால் டிராப் செய்ததால், டிஎம்இசட்டிலேயே இருந்த இரண்டாவது நேம்சர்வருக்குத் தாவ ஒவ்வொரு முறையும் 5 விநாடி. அதன்பின் ஐடென்ட். இணைப்பைத் தொடங்கியது எந்த யூசர் என்று கணினியின் 113ஆம் போர்ட்டில் விசாரிக்கும் பழைய வழக்கம், 1993இல் வந்த ஆர்எஃப்சி 1413 என்ற இணைய விதி ஆவணத்தில் உள்ளது. அதுவும் டிராப், இன்னொரு 5 விநாடி. கூட்டினால் கால் நிமிடம்.

டிராப் என்பது மணி அடித்துக்கொண்டே இருந்தும் யாரும் எடுக்காத போன். ரிஜெக்ட் என்றால் ‘ராங் நம்பர்’ என்று உடனே வைத்துவிடுவார்கள். 113ஐ டிசிபி ரீசெட்டோடு, அதாவது இணைப்பை உடனே முறிக்கும் பதிலோடு, ரிஜெக்ட் செய்யச் சொன்னேன், நேம்சர்வர் வரிசையை மாற்றினேன். 220 உடனே வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

ரிஜெக்ட் செய்தால் ஹேக்கருக்கு இடம் தெரிந்துவிடும் என்று யாராவது கமென்ட்டில் வருவார்கள். உள் நெட்வொர்க்குக்கும் டிஎம்இசட்டுக்கும் நடுவே ஒரு போர்ட்டுக்கு மட்டும்தான் சொல்கிறேன். இன்னொரு மெயில் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஐடென்ட் கேட்பதில்லை என்பதும் தெரியும். ஆனால் டிஎன்எஸ்ஸை அதுவும் கேட்கும். சென்ட்மெயிலாக இருந்தால் ஐடென்ட் டைம்அவுட்டை 0 ஆக்கியும் அந்தக் கேள்வியை நிறுத்தலாம்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே மில்லில் ராத்திரி மெஷின் பார்க்கும் ஃபிட்டருக்கு ஓவர்டைம் உண்டு. கொடுக்கத்தான் வேண்டும், அவர் உழைப்பு அது. விடிய விடிய சர்வர் பார்ப்பவனுக்கு மட்டும் ‘நீங்க ஸ்டாஃப்தானே’ என்ற பதில். எத்தனை கம்பெனிகளில் இன்றும் இதே நிலை! ஒப்பந்தத்தில் ஆன்கால் படியை (கூப்பிட்டால் எந்நேரமும் வருவதற்கான தொகை) எழுதி வாங்காமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

இணைப்பு உடனே கிடைத்து, பெரிய அட்டாச்மென்ட் மட்டும் பாதியில் நின்றால் காரணம் வேறு. நெட்வொர்க் தன் கோளாறுகளைச் சொல்லி அனுப்பும் ஐசிஎம்பி செய்திகளை ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்திருப்பார்கள், பாக்கெட் அளவைக் குறைக்கச் சொல்லும் செய்தி திரும்பி வராது. அந்தச் செய்தியான ஐசிஎம்பி டைப் 3, கோட் 4ஐத் திறந்துவிடச் சொல்லுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் 25, 53 (டிஎன்எஸ்), 113 மூன்று போர்ட்டுக்கும் டிசிபிடம்ப் எடுத்து, ஐபிகளை மறைத்துவிட்டு, கேள்வியில் சேருங்கள். பார்த்துச் சொல்கிறேன்.